கங்கை வரும் என்று காத்திருக்க வேண்டாம்: வட ஆற்காட்டு விவசாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் விவசாய சங்கத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கரும்புப் பாக்கி, உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றி எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் எழுந்து, கங்கையையும் காவிரியையும் இணைத்தால்தான் பாலாற்றுக்கு விடிவு என்று சொல்வதும், மொத்தக் கூட்டமும் கை தட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தேர்தல் நெருங்கினால் அந்தக் கோரிக்கை நம் மனுவின் முதல் வரிக்கு ஏறிவிடும். கட்சிக்காரர்களும் உடனே சரி என்பார்கள், ஏனென்றால் அதற்கு அவர்கள் பதவிக்காலத்தில் யாரும் கணக்குக் கேட்க முடியாது. நானும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன்தான். அந்த முதல் வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆட்கள் அந்தக் கோரிக்கையை இத்தனை ஆசையோடு பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் புரிகிறது. பாலாறு மழையை நம்பிய ஆறு, மழை பொய்த்தால் அதில் மாடு மேய்க்கலாம். கங்கை அப்படி இல்லை, இமயமலையில் பனி இருக்கிறது, அது உருகிக்கொண்டே இருக்கும், அதனால் அது வற்றாத ஜீவநதி, அங்கே எப்போதும் மிச்சம்தான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனதில் பதிந்திருக்கிறது. இந்த 'எப்போதும்' என்ற இடத்தில்தான் இப்போது பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டு மனு எழுதுவோம்.

பனி ஆற்றுக்குப் புதிதாகத் தண்ணீர் எதையும் உண்டாக்கிக் கொடுப்பதில்லை, விழுந்த தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து பிறகு கொடுக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்கேயிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளால் இமயத்தின் மேற்குப் பக்கம் பனி கொட்டுகிறது. அது அப்படியே மலைமேல் உட்கார்ந்திருந்து, வெயில் ஏறும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில், அதாவது பருவமழை வருவதற்கு முந்தைய கஷ்ட காலத்தில், கொஞ்சம் கொஞ்சமாக உருகி இறங்குகிறது. அதற்கும் மேலே, பல நூறு ஆண்டுகளாக இறுகிப்போன பனியாறுகள் இருக்கின்றன. கோமுகத்தில் கங்கை புறப்படும் கங்கோத்ரி பனியாறு அப்படி ஒன்று, சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அந்த வருடத்துப் பனி தீர்ந்த பிறகும் ஆற்றைக் காப்பாற்றுவது இந்தப் பழைய பனிதான்.

வெப்பம் கூடும்போது இந்த ஏற்பாடு பல இடத்தில் ஒரே நேரத்தில் குலைகிறது. பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து அன்றைக்கே ஓடிவிடுகிறது. விழுந்த பனியும் முன்கூட்டியே உருகுகிறது, அதனால் ஜூனில் வர வேண்டிய தண்ணீர் ஏப்ரலிலேயே வந்து போய்விடுகிறது, வருடக் கணக்கில் அளவு குறையாவிட்டாலும் தேவைப்படும் மாதத்தில் ஆறு மெலிந்து கிடக்கிறது. பனியாறு விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. பழைய பனி வேகமாக உருகும் வரை ஆற்றில் தண்ணீர் கூடவே செய்யும். இருபது முப்பது வருடம் நன்றாக ஓடுகிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். பனியாறு ஓரளவுக்கு மேல் சுருங்கியதும் வரத்து இறங்கத் தொடங்கும், அதற்கப்புறம் அது ஏறுவதற்கு வழியில்லை. பெரு நாட்டில் சாந்தா ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனிமலைப் பகுதிகளில் பெரும்பாலானவை அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டதாக 2012லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இமயப் பகுதி ஆறுகளுக்கு அது இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி வரும் என்பது மதிப்பீடு.

மிகைப்படுத்திப் பேசவும் நான் விரும்பவில்லை. இமயப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போய்விடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் எழுதியது தவறு என்று 2010ல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கங்கை நாளைக்கே வற்றிவிடாது. ஆனால் காத்மாண்டுவில் உள்ள ஈசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனம் 2019ல் வெளியிட்ட பெரிய மதிப்பீட்டில், புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் கூட இமய, இந்துகுஷ் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100க்குள் போய்விடும் என்று சொன்னார்கள். 2011 முதல் 2020 வரை அவை முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று 2023ல் சொன்னார்கள். 2025ல் முடிந்த குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் தரையில் பனி தங்கியிருந்த அளவு இயல்பைவிட சுமார் 24 சதவீதம் குறைவு, அதுவரையிலான 23 வருடங்களில் அதுதான் மிகக் குறைவு.

எங்கள் கணியம்பாடிப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் குறைவு, நானும் போனவன்தான். லடாக்கில் பணியில் இருந்தபோது அங்குள்ள விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். லே வட்டாரத்தில் வருடத்துக்கு மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான், நமக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு. வாற்கோதுமையும் பட்டாணியும் விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள பனியாற்றிலிருந்து ஓடையில் தண்ணீர் நன்றாக இறங்குவது ஜூனில். இடைப்பட்ட நாட்களுக்கு அவர்கள் நம்பியிருந்தது ஊருக்குப் பக்கத்துச் சரிவுகளில் கிடக்கும் குளிர்காலப் பனியை, அது குறையக் குறைய விதைப்பு தள்ளிப்போகிறது, சில ஊர்களில் நிலத்தைத் தரிசாகப் போடுகிறார்கள். ஏரி மடை திறந்துவிடும் நம் ஊர் நீர்க்கட்டி மாதிரியே அங்கேயும் சுர்பொன் என்று ஒருவர் இருக்கிறார், யார் வயலுக்கு எந்த நேரம் மடை திறப்பது என்று அவர் வைத்ததுதான் சட்டம். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கு நம் ஏரிகள் ஞாபகம் வந்தன, ஊரில் அந்த முறை அழிந்துகொண்டிருக்கிறதே என்ற வருத்தமும் வந்தது.

அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சேவாங் நோர்பெல் என்ற ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினீயர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரை ஊருக்குச் சற்று மேலே நிழலான இடத்தில் சின்னச் சின்னக் கல்கட்டுகளுக்குப் பின்னால் தேக்கி உறைய வைத்தார். தாழ்ந்த இடத்தில் இருப்பதால் அது ஏப்ரலிலேயே உருகி விதைப்புக்கு உதவியது. 2015ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிறகு சோனம் வாங்சுக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து கோபுரம் போல் உறைய வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சிந்து நதி கண்ணெதிரே ஓடுகிற ஊர்க்காரர்கள், அந்த நதியை நம்பாமல் தங்கள் ஓடையில் போவதைத் தடுத்து வைக்கிறார்கள் என்பதை நம் தலைவர்கள் கவனிக்க வேண்டும்.

கங்கைக்கு வருவோம். சிந்துவின் மேல் படுகையில் ஓடும் நீரில் சுமார் 60 சதவீதம் பனியும் பனியாறும் உருகி வருவது. கங்கையின் மேல் படுகையில் அது சுமார் 20 சதவீதம்தான், மூன்றில் இரண்டு பங்கு மழைத் தண்ணீர். சமவெளிக்கு இறங்கிவிட்டால் பனியின் பங்கு இன்னும் குறைவு. நாம் நினைப்பது போல் கங்கை முழுக்கப் பனியால் ஓடும் ஆறு இல்லை, அதன் வெள்ளம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பருவமழையில் வருவது. பனி முக்கியமாகத் தாங்கிப் பிடிப்பது மழை இல்லாத மாதங்களை. இங்கே நம் பட்டத்தோடு வைத்துப் பாருங்கள். நமக்குத் தண்ணீர் இல்லாமல் கருகுவது எது? ஜனவரிக்கு மேல் நவரை நெல், ஏப்ரலுக்கு மேல் சொர்ணவாரி நெல். அதே ஜனவரி 1 முதல் மே 31 வரைதான் மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அணைக்கட்டில் கங்கையை எப்படிப் பங்கிடுவது என்று இந்தியாவும் வங்கதேசமும் 1996ல் 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டன, ஏனென்றால் அந்த மாதங்களில் அங்கேயே பற்றாக்குறை. நாம் கேட்கும் மாதத்தில் அவர்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கும் மாதத்தில் நமக்கும் ஓரளவு தென்மேற்கு மழை பெய்துகொண்டிருக்கும். கோடைத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் பனியும் குறைந்துவரும்போது அந்த இடைவெளி இன்னும் அகலமாகும். இது போதாதென்று, 1991 முதல் 2020 வரை கங்கை வறண்ட அளவுக்குக் கடந்த 1300 ஆண்டுகளில் வறண்டதில்லை என்று ஐஐடி காந்திநகர் ஆய்வாளர்கள் 2025ல் வெளியிட்டிருக்கிறார்கள், அதற்குப் பருவமழை பலவீனமடைந்தது ஒரு பெரிய காரணம்.

1972ல் அப்போதைய மத்தியப் பாசன அமைச்சர் கே.எல்.ராவ் முன்வைத்த கங்கை–காவிரி இணைப்பு, பாட்னாவுக்குப் பக்கத்தில் வினாடிக்கு 60,000 கன அடி வெள்ளநீரை வருடத்தில் 150 நாள் எடுத்து, சுமார் 2640 கிலோமீட்டர் தூரம் கொண்டுவருவது. நடுவில் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து ஏற்ற வேண்டும், அதற்கான மின்சாரச் செலவிலேயே அது நின்றுபோனது. இப்போது தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் திட்டம் வேறு, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, பாலாறு, காவிரி என்று வருகிறது, அதில் நம் ஆற்றின் பெயரும் இருக்கிறது. மகாநதியும் கோதாவரியும் மழை ஆறுகள், பனிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மகாநதிக்கு ஈடுகட்டத்தான் வடக்கே மானஸ், சங்கோஷ், தீஸ்தா ஆறுகளிலிருந்து கங்கைக்கும், கங்கையிலிருந்து தாமோதர், சுவர்ணரேகா வழியாக மகாநதிக்கும் என்று பனிமலை ஆறுகளை அந்தச் சங்கிலியில் கோர்த்திருக்கிறார்கள். அந்த தீஸ்தாவில் 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைத்துக்கொண்டு வந்து சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. பனியாறு பின்வாங்கும் இடத்தில் இப்படி ஏரிகள் உண்டாகிப் பெருத்துக்கொண்டு வருகின்றன. அந்த மாதிரி ஆற்றின் உபரியை எண்ணி நாம் சேம்பாக்கத்திலும் ஒடுகத்தூரிலும் நாற்று விட முடியுமா?

உபரி என்று காகிதத்தில் எழுதி வைத்த தண்ணீர் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் நடந்துகொண்டிருக்கிறது. ராக்கி மலையின் பனியால் ஓடும் கொலராடோ ஆற்றை 1922ல் மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன. அளந்தது நல்ல மழைக்காலமாகப் போய்விட்டது. அதை வைத்து வருடத்துக்குச் சுமார் 650 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று பிரித்து எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அதை நம்பி நகரங்கள் வந்தன, லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம் வந்தது. 2000க்குப் பிறகு அந்த ஆற்றின் வரத்து போன நூற்றாண்டுச் சராசரியைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, அதில் ஏறத்தாழ பாதிக்கு வெப்ப உயர்வே காரணம் என்கிறார்கள். மழை பெய்தாலும் சூட்டில் மண்ணும் செடியும் முதலில் குடித்துவிடுகின்றன, மிச்சம்தான் ஆற்றுக்கு. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல் முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறையை அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் அந்த ஆற்றின் அணை நீர்த்தேக்கமான மீட் ஏரி, 1930களில் முதன்முதலாக நிரம்பிய காலத்துக்குப் பிறகு பார்க்காத அளவுக்கு இறங்கியது. அந்தத் தண்ணீரில் முதலில் வெட்டு விழுந்தது அரிசோனா விவசாயிகளுக்கு, அதுவும் தண்ணீர் உரிமை வரிசையில் கடைசியில் இருந்தவர்களுக்கு. இங்கே அப்படி ஒரு கால்வாய் வந்தால் அதில் கடைமடை யார் என்று சொல்லத் தேவையில்லை, நாம்தான்.

சரி, பனி இல்லாத நமக்கு என்ன இருந்தது? மணல் இருந்தது.

இமயத்துக்குப் பனி செய்த வேலையைப் பாலாற்றுக்கு மணல் செய்தது. நந்தி மலையில் புறப்பட்டு 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில் ஓடி, வயலூரில் கடலில் விழுகிற இந்த ஆற்றில் மேலே தண்ணீர் ஓடியது எந்தக் காலத்திலும் வருடத்தில் சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாள் வெள்ளத்தை ஆளுயரத்துக்கும் மேலான மணல் குடித்து வைத்திருந்து, வெயிலில் ஆவியாகவும் விடாமல், பங்குனி சித்திரை வரை கொடுத்தது. ஆற்று மணலுக்குள் ஊற்றுக்கால்வாய் வெட்டி, மோட்டார் இல்லாமல், கரண்ட் இல்லாமல் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஊர்கள் இரண்டு கரையிலும் எத்தனை இருந்தன என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். ஊர் கூடி வருடா வருடம் அந்தக் கால்வாயைத் தூர்வாருவார்கள். தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் பாலாற்று மணலுக்கு அடியில் இருந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். இப்போது வேலூர் டவுனே மேட்டூரிலிருந்து வரும் காவிரியைக் குடிக்கிறது, 2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ஜோலார்பேட்டையிலிருந்து போனதும் காவிரித் தண்ணீர்தான், பாலாற்றின் பக்கத்திலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

லடாக் விவசாயியின் பனியை உருக்கியதில் அவனுக்குப் பங்கே இல்லை, உலகம் முழுக்க எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அவன் விலை கொடுக்கிறான். நம் மணல் போனது நம் கண் முன்னால், நம் ஊர் வழியாக, லாரியில். மிச்சமிருந்த இடத்தில் தோல் கழிவு இறங்கியது. அதற்கு 1996லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தும், 2025 ஜனவரியில் மறுபடி அதே உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆற்றில் மணல் இல்லாத இடத்தில் களிமண்ணும் பாறையும் தெரிகிறது, சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. வெள்ளம் வந்தால் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடிவிடுகிறது.

வெள்ளம் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் வாலாஜாவுக்குப் பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் எட்டரை டி.எம்.சி.க்கும் மேல். காவேரிப்பாக்கம் ஏரி நம் வட்டாரத்திலேயே பெரியது, பல்லவர் காலத்தது, அதன் கொள்ளளவு ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஒரே நாளில் ஐந்து காவேரிப்பாக்கத்துக்கு மேல் கடலுக்குப் போயிருக்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும், நடுவில் நீண்ட நாள் காயும். பனியைக் கரைக்கும் அதே சூடு நமக்கு இந்த வடிவத்தில்தான் வருகிறது. நாம் பிடித்து வைக்க வேண்டியது இந்தக் கொட்டும் மழையை.

ஆகவே நம் மனுவில் முதலில் என்ன வர வேண்டும் என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் மணல் அள்ளுவது எந்தப் பெயரிலும், சவுடு, தூர்வாருதல் என்று எந்தக் காரணம் சொன்னாலும், கூடாது. இதில் நம் உறுப்பினர்களே சிலர் மாட்டுவண்டிக்கு விலக்குக் கேட்கிறார்கள், அவர்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது, அவர்களுக்கு வேறு வேலைக்கு வழி செய்யச் சொல்லிக் கேட்போம், விலக்குக் கேட்க வேண்டாம். மணல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் மேலே தெரியும் தடுப்பணைக்குப் பதிலாகத் தரைக்கு அடியில் பாறை வரை இறங்கும் தடுப்புச் சுவர் போடச் சொல்வோம். அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர் பக்கம் போகும் கால்வாய்களும், ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்குப் போகும் வழிகளும் எங்கெங்கே அடைபட்டிருக்கின்றன, யார் வீடு, எந்த மனைப்பிரிவு என்று சர்வே எண்ணோடு எழுதிக் கொடுப்போம். பொத்தாம் பொதுவாக 'ஆக்கிரமிப்பை அகற்றுக' என்று எழுதி எழுதி அது கோப்பில் தூங்குகிறது. கணியம்பாடி பக்கம் நாகநதியில் நூறுநாள் வேலைப் பெண்கள் உறைகிணறுகள் இறக்கி நிலத்தடி நீரை மீட்டதை நாடே பேசியது, அந்தப் பெண்களில் சிலரை அழைத்துப் பேச வைத்து மலட்டாற்றுக்கும் அகரம் ஆற்றுக்கும் அதையே கேட்போம்.

கர்நாடகத்திடமும் ஆந்திராவிடமும் 1892 மதராஸ்–மைசூர் ஒப்பந்தப்படி கேட்க வேண்டியதைக் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை, ஆந்திர எல்லையில் புல்லூரில் 2016ல் பாலாற்றுத் தடுப்பணையை உயர்த்தியது நமக்குப் பாதகம்தான், வழக்கு நடக்கட்டும். அதோடு மேலே உள்ள ஏரிகளின் நீர்மட்டத்தை மழை நாளில் மணிக்கு மணி நமக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும். 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்துதான் வாணியம்பாடி அழிந்தது, இனி அப்படிக் கொட்டும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. தென்பெண்ணையின் வெள்ளநீரைப் பாலாற்றுக்குத் திருப்பும் திட்டத்தையும் கேட்கலாம், அது பக்கத்து ஆறு, நம் மாநிலத்துக்குள் முடிகிற விஷயம்.

கங்கை இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போடச் சொல்லவில்லை. மனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு முன்னால் மூன்று மாவட்டத் தலைவர்களும் ஒருநாள் உட்கார முடியுமா என்று பாருங்கள். கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள வரத்துக்கால்வாய்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன என்று நான் நடந்து பார்த்துச் சர்வே எண்ணோடு எழுதிக் கொண்டுவருகிறேன், மற்ற ஒன்றியங்களுக்கு யார் வருகிறார்கள் என்று சங்கத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினர், முன்னாள் ராணுவ வீரன்,
கணியம்பாடி வட்டாரம்